நாயுடன் வரும் வாடிக்கையாளர்: பதில் சொல்ல வேண்டியது பையனா, முதலாளியா?



வரி, வாடகை, ஆன்லைன் வியாபாரம் என்று எழுதுவதற்குப் பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, இந்த மண்டிக்காரர் நாயைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஓசூர் பக்கம் சில்லறைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது சிரிப்பு அல்ல என்பது தெரியும்.

நமக்குக் கிருஷ்ணகிரியில் மொத்த மளிகை. நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, புளி, மிளகாய் என்று மூட்டைகளோடு காலம் தள்ளியவர்கள் நாம். மகன் ஓசூரில் சில்லறைக் கடை நடத்துகிறான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அந்தக் கடையின் கல்லாவில் நாம் உட்கார நேர்ந்தது. மாத முதல் வாரம். நல்ல கூட்டம்.

அப்போது ஓர் அம்மையார் உள்ளே வந்தார். புதிதாக எழும்பிய அடுக்கு மாடிக் குடியிருப்புக்காரர். மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரத்துக்குச் சரக்கு எடுப்பவர். கையில் வார். வாரின் மறுமுனையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நாய். சாதுவான நாய்தான். ஆனால் நாய்க்குக் கண்ணை விட மூக்கு முக்கியம். நேராகப் போய், வாய் மடித்துத் திறந்து வைத்திருந்த துவரம் பருப்பு மூட்டையில் மூக்கை வைத்தது.

கடைப் பையன் ஓடி வந்தான். அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளை. பத்தொன்பது வயது. “அம்மா, நாயைக் கொஞ்சம் வெளியே...” என்றான். சற்றுத் தள்ளி நின்றுதான் சொன்னான். அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது. “இது எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. உன் கடையை விடச் சுத்தமாக இருக்கிறது” என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சத்தம் போட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்தோம்? கல்லாவில் இருந்தபடியே, “டேய், அம்மாவிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாதா? போய் உள்ளே வேலையைப் பார்” என்று பையனை அதட்டினோம். அம்மையாரைப் பார்த்துச் சிரித்தோம். அவரும் சமாதானமாகிச் சரக்கு எடுத்துக்கொண்டு போனார். வாசல் ஓரம் நின்றிருந்த வயதான ஒரு தாயார், பையில் எடுத்து வைத்திருந்த சாமான்களை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார். அதை நாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

கூட்டம் குறைந்ததும் பையன் வந்து நின்றான். “ஐயா, அந்தப் பருப்பை என்ன செய்யறது?” என்று கேட்டான்.

நம்மிடம் பதில் இல்லை. “மேலாக நாலு படி அள்ளித் தனியாக வை” என்றோம். அவன் அள்ளினான். “இது போதுமா ஐயா?” என்றான். அள்ளிய பருப்புக்கும் அள்ளாத பருப்புக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ மூட்டை பிரித்திருக்கிறோம். அன்றைக்குத்தான் ஒரு மூட்டையின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அந்த மூட்டையையே கட்டி ஒதுக்கி, மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பினோம். நட்டம் பெரிதல்ல. உறுத்தல்தான் பெரிது.

மறுநாள்தான் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பையனைச் சிறு வயதில் நாய் கடித்து, ஊசிக்காக அவன் தாயார் அவனை மலையிலிருந்து பேருந்தில் பல நாள் அழைத்து வந்திருக்கிறார். இன்றைக்கும் நாய் கிட்டே வந்தால் அவனுக்குக் கை நடுங்கும். அப்படியிருந்தும் நம் மூட்டையைக் காப்பாற்ற அவன்தான் ஓடி வந்தான். நாம் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

பலகை போனது, பையன் நின்றான்

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் ஏன் இல்லை? நாய் இல்லாத ஊரா நம் ஊர்? தோட்டத்துக்கு ஒரு நாய், தொழுவத்துக்கு ஒரு நாய் என்று இருந்த சீமைதான் இது. ஆனால் அந்த நாய்கள் கடைக்கு வந்ததில்லை. வந்தாலும் வாசலோடு சரி. காரணம், கடைக்குக் குறுக்கே ஒரு பலகை இருந்தது. வாங்குகிறவர் பலகைக்கு அந்தப் பக்கம், சரக்கு இந்தப் பக்கம். நாம்தான் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தோம்.

1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் வந்தன. இன்று தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் என்று மாவட்டமே ஆலை மயம். 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டு ஓசூரில் குடியிருக்கும் குடும்பங்கள் பெருகின. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நாலு பாஷையும் ஒரே வரிசையில் நிற்கும் கடைகள் நம்முடையவை. இந்தப் புதுக் குடும்பங்களில் பலர் வீட்டுக்குள்ளேயே நாய் வளர்ப்பவர்கள். நாயோடு உட்கார்ந்து காபி குடிக்கும் கடைகள் பெங்களூரில் உண்டு. அந்தப் பழக்கத்தோடு நம் மளிகைக் கடைக்குள்ளும் வருகிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. இங்கே கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம், நாமும் மாறினோம். குறுக்குப் பலகையை எடுத்துவிட்டு, அலமாரி வரிசைகளை வைத்து, கூடையைக் கையில் கொடுத்து, “உள்ளே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்றோம். வியாபாரம் பெருகியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பலகை சரக்குக்கு மட்டும் வேலியாக இருக்கவில்லை, கடை ஆளுக்கும் அதுதான் வேலி. வேலியை எடுத்துவிட்டோம். அது நின்ற இடத்தில் மாதச் சம்பளத்துக்கு ஒரு பையனை நிறுத்தினோம். எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை. விட்டால் அவன் கவனக்குறைவு, தடுத்தால் அவன் மரியாதைக் குறைவு. இரண்டுக்கும் திட்டு வாங்குவது அவன்தான்.

நாம் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நாய் உள்ளே வரலாமா கூடாதா என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கடைப் பையனின் தலையில் கட்டுவது நியாயமும் அல்ல, வியாபாரமும் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலாளிக்கே இதில் பெரிய யோசனை தேவையில்லை. சட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011-இல் உரிமம் மற்றும் பதிவுக்கான ஒழுங்குமுறைகள் வந்தன. அவற்றின் 4-ஆம் அட்டவணையில் சுத்தம், சுகாதாரம் பற்றிய விதிகள் இருக்கின்றன. எலி, பூச்சி தடுப்பைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே, விலங்குகள், பறவைகள், செல்லப் பிராணிகள் ஆகியவற்றை உணவு நிறுவனத்தின் வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. சுத்தக் குறைவு நிரூபணமானால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் இடமுண்டு.

நாயை அழைத்து வருபவருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு. தன் வசம் உள்ள பிராணியால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருப்பது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, நாயை வெளியே நிறுத்தச் சொல்லும் பையன் மரியாதை தெரியாதவன் அல்ல. நம் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் உரிமம் சொல்வதைத்தான் அவன் சொல்கிறான்.

பயம் எவ்வளவு, நிஜம் எவ்வளவு?

இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துவது நம் வழக்கம் அல்ல. ஊசி போட்டு நன்றாகப் பராமரிக்கப்படும் வீட்டு நாய், பாக்கெட்டில் அடைத்த சரக்குக்குப் பக்கத்தில் நடந்து போனதால் யாருக்கும் வியாதி வந்துவிடாது. வெறிநோய் பருப்பு வழியாகப் பரவுவதும் இல்லை. ஆனால் நம் கடைகளில் சரக்கெல்லாம் பாக்கெட்டிலா இருக்கிறது? திறந்த மூட்டை உண்டு, வெல்லம் உண்டு, கருவாடு உண்டு. ஆண் நாய் போகிற இடமெல்லாம் காலைத் தூக்கி அடையாளம் வைக்கும். வாசலில் தரையோடு அடுக்கிய அரிசி மூட்டை அதற்கு ஒரு மின்கம்பம். நாயின் சிறுநீரால் எலிக் காய்ச்சல் பரவவும் வழி உண்டு.

அதற்கு மேலே கடி. 2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நாய்க்கடிகள் மட்டும் 37 லட்சத்துக்கு மேல். இது நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கு. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே 2025-இல் நாய்க்கடிக்குப் பின் வெறிநோயால் உயிர் போன செய்திகளைப் படித்தோம். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அதன் பின் பிழைப்பது அநேகமாக இல்லை. “குலைக்கிற நாய் கடிக்காது” என்ற பழமொழி நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியுமா? வீட்டில் சாதுவாக இருக்கும் நாய் கூட, கூட்டமும் இரைச்சலும் நிறைந்த குறுகலான வரிசையில், குழந்தை ஒன்று வாலை மிதித்தால் என்ன செய்யும் என்று அதன் எஜமானராலும் சொல்ல முடியாது.

மற்ற வாடிக்கையாளர்களையும் நினைக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர் உண்டு. விரத நாளில் பூஜைச் சாமான் வாங்க வருகிறவர் உண்டு. நாயின் எச்சில் படக்கூடாது என்பதை மார்க்க ஒழுக்கமாகக் கடைப்பிடிக்கும் இஸ்லாமியக் குடும்பங்கள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நமக்குத் தலைமுறை வாடிக்கை. இவர்களெல்லாம் சண்டை போட மாட்டார்கள். பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அந்தத் தாயார் போன மாதிரி. சத்தம் போடும் வாடிக்கையாளரை நாம் கவனிக்கிறோம். சத்தமில்லாமல் போகிறவர் நம் கணக்கில் வருவதே இல்லை.

நாய்க்கும் இது நல்லதல்ல

இதை நாய் வளர்ப்பவர்களிடமே சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொள்வார்கள். மளிகைக் கடைத் தரையில் சிந்திக் கிடப்பவற்றில் பல நாய்க்கு நஞ்சு. உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும். இவை போதாதென்று, மூட்டைகளின் சந்தில் நாம் வைத்திருக்கும் எலி மருந்து வேறு. “அம்மா, உங்கள் நாய்க்கு ஆகாதது எதையாவது இங்கே நக்கிவிடப் போகிறது” என்று சொன்னால், கோபப்பட வந்தவரும் வாரை இழுத்துப் பிடிப்பார். “சட்டம் இருக்கிறது, வெளியே போங்கள்” என்பதை விட இது நல்ல பேச்சு, உண்மையான பேச்சும் கூட.

முதலில் நம் வீட்டைக் கூட்டுவோம்

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கிடங்குகளில் என்ன நடக்கிறது? எலிக்காகப் பூனை, திருடனுக்காக நாய் என்று காலம் காலமாக வைத்திருக்கிறோம். நம் கிருஷ்ணகிரிக் கிடங்கிலேயே ஒரு நாய் பல ஆண்டுகள் புளி மூட்டையின் மேல் படுத்துத் தூங்கியது. வருகிறவர்களிடம் அதன் விசுவாசத்தைப் பெருமையாகச் சொல்வோம். வாடிக்கையாளரின் நாய் மூக்கை வைத்தால் அசுத்தம், நம் நாய் படுத்துப் புரண்டால் காவலா? 4-ஆம் அட்டவணை இரண்டுக்கும் ஒன்றுதான்.

காவலுக்கு நாய் வேண்டுமென்றால் அதற்கு முற்றத்தில் இடம் போடுங்கள், ஆண்டுதோறும் ஊசி போடுங்கள், சரக்கு இருக்கும் கூரைக்குள் விடாதீர்கள். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரக்கட்டையின் மேல் அடுக்குங்கள். திறந்த மூட்டைக்கு மூடி போடுங்கள். இவற்றைச் செய்த பின் வாடிக்கையாளரிடம் பேசினால்தான் நம் வாய்க்கு மதிப்பு.

தெரு நாய் விவகாரமும் இதனோடு சேர்ந்ததே. இரவு கடை சாத்தும்போது வாசலில் பிஸ்கட் போடுவது புண்ணியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிஸ்கட் போட்ட வாசலை நாய் தன் வாசல் என்று நினைத்துக்கொள்கிறது. அப்புறம் வீட்டு நாயோடு வருகிறவரை நம் படிக்கட்டிலேயே அது மறிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், தெருவில் கண்ட இடத்தில் உணவு போடக்கூடாது, அதற்கென்று தனி இடங்களை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்று கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் இருந்து தெரு நாய்களை அகற்றச் சொன்னது. அந்தப் பட்டியலில் கடைத்தெரு இல்லை. ஆகவே நம் வாசலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கருணை உள்ளவர்கள் மாநகராட்சியோ நகராட்சியோ ஒதுக்கும் இடத்தில் போய்ப் போடலாம்.

விரட்டச் சொல்லவில்லை

நாம் நாய்க்கு விரோதி அல்ல. அதியமான்கோட்டைக் காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியன்று விளக்கேற்றப் போகும் வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்! அவருக்கு வாகனமே நாய்தான். கூட வந்த நாயை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்களுக்கு அந்த நாய்தான் பேச்சுத் துணை. காலையில் அதை நடத்திக் கூட்டிப்போய் வரும் வழியில் பால் வாங்க நம் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் நாயை எங்கே விடுவார்கள்? வெயிலில் காருக்குள் பூட்டி வைத்தால் அது செத்துப்போகும். தெருவில் கட்டினால் தெரு நாய்கள் பாயும்.

ஆகவே “உள்ளே வராதே” என்று சொல்பவர், “இங்கே நிறுத்து” என்று ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். மும்பையில் டாடா குழுமத்தின் தலைமை அலுவலகமான பாம்பே ஹவுஸைப் புதுப்பித்து 2018-இல் திறந்தபோது, அங்கே வழக்கமாக வந்து படுக்கும் தெரு நாய்களுக்கென்றே தரைத் தளத்தில் தனி அறை ஒன்று கட்டி வைத்தார்கள். நம் ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை வைத்த அதே குழுமம்தான். நாயை அவர்கள் விரட்டவில்லை. அதற்காக வேலை நடக்கும் இடமெல்லாம் அலைய விடவும் இல்லை. இடம் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அறை என்றால், நமக்கு வாசல் சுவரில் ஓர் இரும்பு வளையம் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். கண் பார்வையற்றவருக்கு வழிகாட்டப் பழக்கிய நாய் செல்லப் பிராணி அல்ல, அவருடைய கண். நம் நாட்டில் இது மிக அபூர்வம். அமெரிக்காவில் இதற்கு ஒழுங்கான வழக்கம் இருக்கிறது. ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் நாயா, எந்த வேலைக்குப் பழக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கடை ஊழியர் கேட்கலாம், அதற்கு மேல் குடையக் கூடாது. இங்கே அப்படி ஒருவர் வந்தால், பையன் வாக்குவாதம் செய்யாமல் முதலாளியைக் கூப்பிடட்டும். முதலாளி எழுந்து போய் அவரை மரியாதையாக உட்கார வைத்து, வேண்டியதைக் கேட்டு எடுத்துக் கொடுக்கட்டும்.

செய்ய வேண்டியவை

பருப்பு மூட்டையை ஒதுக்கிய மறு வாரம் நம் மகன் கடையில் செய்தவற்றைக் கீழே தருகிறோம். செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

1. வாசலில் பலகை. தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் எழுதி, நாயின் படமும் போட்டோம். “நாய்கள் அனுமதி இல்லை” என்று வெட்டென்று எழுதாமல், “உங்கள் நாய் இங்கே நிழலில் காத்திருக்கட்டும்” என்று எழுதினோம்.

2. பலகையின் கீழே நிழலில், சுவரில் பதித்த வளையமும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும். சரக்கு மூட்டை அந்தப் பக்கம் அடுக்குவதில்லை.

3. நாயைக் கட்டிவிட்டுப் போக மனமில்லாதவர் வாசலிலேயே சீட்டைக் கொடுக்கலாம். ஒரு ஆள் எடுத்து வந்து தருவான். தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கும் போகும்.

4. பையனுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தோம்: “அம்மா, சீட்டைக் கொடுங்க, நான் எடுத்துட்டு வர்றேன்.” அதற்கு மேல் பேச்சு வந்தால் கல்லாவைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மிச்சத்தைக் கல்லாவில் இருப்பவர் எழுந்து வந்து பேச வேண்டும். உட்கார்ந்த இடத்தில் இருந்து அல்ல, எழுந்து வந்து.

5. நாயை அடிப்பதும், கல் எறிவதும், வெந்நீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. அது பாவம் மட்டுமல்ல, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

6. கடித்துவிட்டால், சிறு கீறல் ஆனாலும் சரி, குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். நம் கடையில் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள், சோப்பை எடுங்கள். கட்டுப் போடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் நாள் ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று அங்கே சொல்லும் தேதி தவறக் கூடாது. ரத்தம் வந்த காயத்துக்குத் தனியாக இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். அந்த நாட்களின் கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடுமே என்று மூன்றாவது ஊசியை விட்டுவிட்டு ஒருவன் வேலைக்கு வந்தால், அந்தப் பழி நம்முடையது.

வியாபாரம் போய்விடாதா?

“நான் பலகை மாட்டினால் அந்த அம்மா பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நாமும் அந்தப் பயத்தில்தான் பையனை அதட்டினோம். போகக் கூடியவர் ஓரிருவர் இருக்கலாம். ஆனால் தெருவில் எல்லாக் கடையிலும் ஒரே பலகை தொங்கினால் யார் எங்கே போவார்? ஒரு கடை தனியாகச் செய்தால் அது திமிர் என்று தெரியும். சங்கம் செய்தால் அது ஊர் வழக்கம். அந்தந்த ஊர்ச் சங்கமே ஒரே மாதிரிப் பலகை அடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். மே 5 வணிகர் தினத்துக்குள் ஓசூர், பாகலூர், கிருஷ்ணகிரிக் கடைகளில் இது தொங்கினால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கடை ஊழியர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அவர்கள் நம் கண் முன்னாலேயே நின்றார்கள்? ஒரு முக்காலி போடுவதற்கு நமக்குச் சட்டம் வேண்டியிருந்தது. வளையம் பதிப்பதற்கும், பையன் பக்கம் நிற்பதற்கும் அப்படி ஒரு சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைக்கு ஆள் கிடைக்காத காலம் இது. சுற்றிலும் ஆலைகள் கூப்பிடுகின்றன. நம்மிடம் இருக்கிறவன் சம்பளத்துக்காக மட்டும் இருப்பதில்லை. நாலு பேர் முன்னால் தன்னை விட்டுக்கொடுக்காத முதலாளி என்ற நம்பிக்கையில் இருக்கிறான்.

அந்த அம்மையார் இப்போதும் வருகிறார். முதல் முறை பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். அன்று மகன் எழுந்து போய், திராட்சை, எலி மருந்து விஷயத்தைச் சொன்னான். இப்போது நாயை வளையத்தில் கட்டிவிட்டு உள்ளே வருகிறார். அவர் வரும்வரை அது கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறது. பையன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபடியே சாமான் எடுத்துப் போடுகிறான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவனிடம் வாய் திறந்து வருத்தம் சொல்ல நமக்கு அன்று வரவில்லை. நம் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் பலகை எழுதினோம். எழுதிய கையோடு இந்தக் கட்டுரையையும் எழுதிவிட்டோம். அவன் படிப்பான் என்று நம்புகிறோம். இதழ் கடைக்குத்தான் வருகிறது.